இரவு பத்து மணிக்குப் படிக்க வருபவருக்காக ஒரு குழு

தொலைநிலைக் கல்விக்கு வாட்ஸ்அப் குழு தொடங்க ஐந்து நிமிடம் போதும். மூன்றாவது வாரமே அது காலை வணக்கக் குழுவாகிவிடும். ரோஜாப்பூ படங்களுக்கு அடியில் தேர்வுக் கட்டண அறிவிப்பு புதைந்து கிடக்கும். அப்படி ஆகாமல் ஒரு படிப்புக் குழுவைக் கடைசித் தேர்வு வரை கொண்டுபோகும் வழி இது. உதாரணத்துக்கு இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. அரசியல் அறிவியலை எடுத்துக்கொள்கிறோம்.

அங்கே ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. அந்தப் படிப்பில் எம்.பி.எஸ்-001 என்ற எண்ணுள்ள தாளுக்கு 8 கிரெடிட், அதாவது 240 மணி. நேர்முக வகுப்புகளில் நடப்பது அதில் சிறு பங்குதான். மீதியை மாணவர் தனியாகத் தள்ள வேண்டும், அதுவும் கடையைச் சாத்திவிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு. காலையில் நடந்த பேச்சு அவர் வரும்போதும் கண்டெடுக்கும்படி இருக்க வேண்டும். குழுவின் ஒவ்வொரு அமைப்பையும் இந்தக் கணக்கை வைத்தே தீர்மானியுங்கள்.

வாட்ஸ்அப்பை அறிவிப்புப் பலகையாக மட்டும் வையுங்கள். சாதாரணக் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கு வேண்டாத செய்திகள் வருவதும், 'தேர்வுக் கட்டணம் நாங்களே கட்டித் தருகிறோம்' என்று ஓடிபி கேட்டு அழைப்பு வருவதும் இந்த ஓட்டை வழியாகத்தான். அதற்குப் பதில் வாட்ஸ்அப்பிலேயே பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் 'கம்யூனிட்டி' தொடங்கினால் அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம், உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அறிவிப்பில் ஸ்க்ரீன்ஷாட் கூடாது, பல்கலைக்கழகத் தளத்தின் இணைப்பு மட்டுமே. ஜூன், டிசம்பர் என்று தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வருவதால் அறிவிப்புகளும் ஒரே அச்சில் வரும். போன வருடத்து 'கடைசித் தேதி நீட்டிப்பு' படம் வருடத்தை வெட்டிவிட்டுச் சுற்றினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பேச்சும் பாடமும் டெலிகிராமில். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடல் தெரியும்படி அமைப்பில் திறந்துவிடுங்கள். 'டாபிக்ஸ்' வசதியைப் போட்டுத் தாளுக்கு ஒரு தலைப்பு, அரட்டைக்குத் தனியாக ஒன்று. அரட்டையைத் தடை செய்யாதீர்கள், அடைத்தால் அது பாடத் தலைப்புக்குள் புகுந்துவிடும். ஹேஷ்டேக்கில் தாள் எண்ணுக்கு நடுவே சிறுகோடு போட்டால் டேக் அங்கேயே அறுந்துபோகும், அடிக்கோடுதான் தாங்கும். கோப்புப் பெயரில் தாள் எண், தொகுதி, அலகு மூன்றும் இருக்கட்டும். 'நோட்ஸ் ஃபைனல் 2' என்ற கோப்பைத் தேர்வுக்கு முந்தின இரவு எவராலும் தேடி எடுக்க முடியாது.

சந்தேகம் கேட்பதற்கும் ஒரு வடிவம் வேண்டும்: தாள், தொகுதி, அலகு, பக்க எண், தனக்குப் புரிந்தது இவ்வளவு, இடறுவது இந்த வரி. 'மூன்றாவது யூனிட் புரியல சார்' என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. முதல் மாதம் இதைச் சலிக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு பழைய ஆட்களே புதியவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

பாடத்தை ஒலியாகக் கொடுப்பது வீடியோவைவிடப் பல சமயம் மேல். ஒலித்தர அமைப்பை 32 கேபிபிஎஸ், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வைத்துப் பதிந்தால் ஒரு மணி நேரம் சுமார் 14 எம்.பி.தான் வரும், பேச்சுக்கு அது தாராளம். பஸ்ஸில் கேட்கலாம், டேட்டா தீர்ந்த மாதக் கடைசியிலும் இறங்கும். ஒரு குறை, ஒலிக்குள் தேட முடியாது. அதனால் எத்தனையாவது நிமிடத்தில் என்ன என்று நான்கு வரி எழுதிச் சேர்க்க வேண்டும்.

படமோ வரைபடமோ தேவைப்பட்டால் யூடியூபில் 'அன்லிஸ்டட்' வீடியோ, அதாவது இணைப்பு கையில் இருப்பவர் மட்டும் பார்ப்பது. மாணவர்களுக்குத்தானே என்று 'குழந்தைகளுக்கானது' என்பதை அழுத்திவிடுபவர்கள் உண்டு. அழுத்தினால் கருத்துப் பகுதி மூடிக்கொள்ளும். நேரலையை முதன்முறை இயக்கும்போது அனுமதிக்கு 24 மணி நேரம் வரை ஆகலாம், மொபைலிலிருந்து என்றால் 50 சந்தாதாரர்களும் வேண்டும். வகுப்பன்று காலையில் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

வினாடி வினாவுக்கு டெலிகிராம் வாக்கெடுப்பில் 'குவிஸ்' முறை இருக்கிறது. பெயர் தெரியாமல் வாக்களிக்க விடுங்கள். தவறிவிடுமோ என்ற கூச்சம் பெரியவர்களுக்குத்தான் அதிகம். சரியான விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைவிட, எந்தத் தவறான விடைக்குக் கூட்டம் சேர்ந்தது என்று பாருங்கள். அடுத்த ஒலிப்பதிவு அதைப் பற்றியது. விடை விளக்கத்துக்கு 200 குறிகள்தான் இடம். தமிழில் அது 200 எழுத்தாகாது. 'கொ' என்பதே க ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறி. மூன்று குறுவாக்கியத்துக்கு மேல் எழுத உட்காராதீர்கள்.

ஒப்படைப்பு (அசைன்மென்ட்) விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதிலிருந்து வருவதால், விடை எழுதிய பிடிஎஃப் விற்பவர்கள் குழுவுக்குள் நுழைந்தே தீருவார்கள். ஒரே விடையை முப்பது பேர் கைப்பட எழுதி அனுப்பினாலும் திருத்துபவர் கண்ணுக்குத் தப்பாது, பார்த்தெழுதியதை நிராகரிக்க விதி இருக்கிறது. கெடு முடியும்வரை முழு விடை எதையும் பகிர வேண்டாம். கேள்வி எந்த அலகிலிருந்து வந்தது, என்ன கேட்கிறார்கள் என்ற பேச்சு மட்டும் நடக்கட்டும். மதிப்பெண் பட்டியல் படங்களைப் பதிவெண்ணோடு போடுபவர்களையும் உடனே அழிக்கச் சொல்லுங்கள்.

ஞாயிறு இரவு, அந்த வாரத்தின் நல்ல கேள்வி பதில்கள், கோப்புகள், அடுத்த கெடு தேதி ஆகியவற்றுக்கு இணைப்புகள் சேர்த்து ஒரே பதிவாக்கி, குழுவின் உச்சியில் நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். வாரம் முழுக்க எட்டிப் பார்க்காதவரும் அதைப் படித்துவிட்டுத் தொடர்ந்துகொள்ளலாம்.

அட்மின் ஒருவராகவே இருந்தால் அவருக்குத் தேர்வோ இடமாற்றமோ வரும்போது குழு அநாதையாகும். டெலிகிராமில் குழுவின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர, தருபவரின் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (உள்நுழையக் கூடுதலாக ஒரு கடவுச்சொல்) குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே இயக்கத்தில் இருந்திருக்க வேண்டும். குழு தொடங்கும் அன்றே அதைப் போட்டுவையுங்கள்.