ஆந்திராவா என்று கேட்டால் அக்கா முறைப்பார்

ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி வேலைக்காக டச்சு படிக்கிறேன், ராத்திரி சத்துவாச்சாரி மொட்டைமாடியில் போனும் நோட்டுமாக. நேற்று வியன்னாக்காரர் ஒருவரை 'டௌட்ஸர்' என்று எழுதி வைத்தேன். தப்பு, அது ஜெர்மனி நாட்டுக்காரருக்குத்தான். எந்த ஊராக இருந்தாலும் ஜெர்மன் பேசுகிறவர் 'டௌட்ஸ்தாலிகெ', நடுவில் வரும் 'தால்' என்றால் மொழி. ஆஸ்திரியாக்காரர், சூரிச்காரர், அப்புறம் பெல்ஜியத்தின் கிழக்கோரம் ஆய்பென் ஊர்க்காரர் எல்லாரும் இதில் அடக்கம் (பெல்ஜியத்தில் டச்சு, பிரெஞ்சோடு ஜெர்மனும் ஆட்சிமொழி). எனக்கு இது சட்டென்று பிடிபட்டதே பக்கத்து வீட்டு அக்காவால்தான்: பிறந்தது குடியாத்தம், வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், 'ஆந்திராவா?' என்றால் முறைப்பார். குழப்பியது இங்கிலீஷ்காரர்கள், அவர்கள் சொல்லும் 'டச்சு'ம், ஜெர்மன் மொழிக்கு டச்சில் உள்ள பெயரான 'டௌட்ஸ்'ஸும் ஒரே வேர், ஆனால் டச்சுக்காரரோ தன் மொழியை 'நேடர்லாண்ட்ஸ்' என்கிறார்.