மணிக்குச் சொதி கிடையாது

நாய், பூனை இருக்கிற வீட்டுல எலி மருந்தைப் பரணுக்கு ஏத்திரணும்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். நான் காவல் காக்கிறது சொதிச் சட்டிக்கு.

எங்க திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி இல்லாம ஆகாது. பாசிப்பருப்பு, தேங்காப்பால், முருங்கைக்காய், முழுசு முழுசா சின்ன வெங்காயம், வெள்ளைப்பூடு. மிஞ்சினதைச் சோத்துல பிசைஞ்சுக்கிட்டு, "நாமளும் இதைத்தானட்டி திங்கோம், பாவம்லா"ன்னு அத்தை கிளம்பிருவாங்க. மணி எங்க வீட்டு நாய், கன்னி இனம். வாசம் வந்ததுமே வாசப்படியில நிக்கும்.

வெங்காயமும் பூடும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேக வச்சாலும் அந்தக் குணம் போகாது, பல்லாரி சாம்பாருக்கும் இதே கதைதான். தின்ன அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, அதுதான் வம்பு. சில நாள் கழிச்சு சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல போகும். அதுக்குள்ள சொதி யாருக்கு ஞாபகம் இருக்கு? வெயிலுன்னு சொல்லி மோர் ஊத்துவாங்க.

பூனைக்கு இன்னும் கம்மியே போதும். அதுக்கு வேற ஒரு எமனும் இருக்கு: பாரசிட்டமால். அதைப் பக்குவமா வெளியேத்துற வேலை பூனைக் கல்லீரலுக்குச் சரியா வராது. 500 மில்லிகிராம் மாத்திரையில பாதி போதும், உயிர் போயிரும். உடம்பு சுடுதேன்னு பால்ல கரைச்சுக் கொடுக்கிற பாசக்காரங்க இருக்காங்க. ஈறு பழுப்பா மாறி, மூஞ்சி வீங்கும்.

பினாயில் போட்டுத் துடைச்ச தரை காயுற வரைக்கும் பூனையை விடாதீங்க; கால்ல ஒட்டினதை நக்கிரும். பூசைக்குன்னு வச்ச அரளி இலை முதல் வேர் வரைக்கும் விஷம்.

விஷம் தின்னுட்டுதுன்னா உடனே உப்புத்தண்ணியைக் கரைச்சு வாயில ஊத்துற பழக்கத்தை முதல்ல விடணும். அந்த உப்பே ஆளைக் கொல்லும். பாத்ரூம் ஆசிட் குடிச்சிருந்தா, வாந்தியில திரும்ப வரும்போது தொண்டையை இன்னொரு தடவை வேக வைக்கும். டாக்டர் சொல்லாம வாந்தி எடுக்க வைக்காதீங்க.

எலி மருந்துன்னா கவரைத் தேடி எடுங்க. புரோமடியோலோன் கேக்கா இருந்தா ரத்தம் உறையாமப் போகும். நாய் நாலு நாள் நல்லா ஓடிட்டுத்தான் விழும். வைட்டமின் கே1 வாரக்கணக்குல கொடுக்கணும். வயல்ல வைக்கிற கருப்புப் பொடி, ஜிங்க் பாஸ்பைடுன்னா வயித்துல விஷவாயு கிளம்பும், வைட்டமின் அதுக்கு உதவாது. ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குப் போனாலும் பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட போனாலும் முதல் கேள்வி, "என்னத்தைத் தின்னுச்சு, எப்போ?"