அறுநூறு நாள் அணையாத சர்வர்

கடைகளுக்குப் பில்லிங் சேவை தருவது எங்கள் வேலை. 2014 செப்டம்பர் கடைசி வாரம், எங்களுக்குச் சர்வர்களை வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனத்திடமிருந்து ஒரு மெயில் வந்தது. எங்கள் கிளவுட் சர்வர்களில் மூன்றை அந்த வார இறுதியில் ரீபூட் செய்யப் போகிறார்களாம். தேதியும் நேரமும் இருந்தன, காரணம் இல்லை. தள்ளிப்போடவும் வழியில்லை. நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், கொடுத்திருந்தார்கள். ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பார்த்தால், நள்ளிரவு ஒன்றரையிலிருந்து காலை ஏழரைக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்.

காரணம் அக்டோபர் 1 அன்று வெளியானது. ஒரே இயந்திரத்தைப் பல சர்வர்களாகப் பிரித்து ஓட்டும் ஸென் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை, பெயர் எக்ஸ்எஸ்ஏ-108. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், ஒருவர் இன்னொருவரின் நினைவகத் தகவலைப் படித்துவிடக்கூடிய ஓட்டை. அடைத்து முடிக்கும்வரை வெளியே சொல்ல முடியாது. அந்த அவசரம் நியாயமானதுதான்.

மூன்றில் ஒரு சர்வர் 600 நாட்களுக்கு மேல் அணையாமல் ஓடியது. அதைப் பெருமையாகவே நினைத்திருந்தோம். அன்று இரவு இரண்டு பேர் கண்விழித்தோம். மூன்றரை மணிக்கு அது போனது, நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தது. பிங் (சர்வர் பதில் சொல்கிறதா என்ற சோதனை) சரி, இணையதளம் சரி, டேட்டாபேஸ் சரி. படுக்கப் போய்விட்டோம்.

காலை பத்தரைக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, காலையிலிருந்து ஒரு பில்லும் கஸ்டமருக்குப் போகலையே?" பில்களை மெயிலில் அனுப்பும் புரோகிராமை, எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் ஸ்கிரீன் செஷன் என்ற டெர்மினல் சாளரத்தில் கையால் ஓடவிட்டிருந்தார். சர்வர் எழும்போது தானாகத் தொடங்க வேண்டியவற்றின் எந்த ஸ்டார்ட்அப் பட்டியலிலும் அது இல்லை, அதனால் ரீபூட்டுக்குப் பின் ஓடவில்லை. எந்த ஃபோல்டரில் இருக்கிறது, என்ன கமாண்ட் என்று தேடவே ஒரு மணி நேரம் ஆனது. கடையில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் அவர் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதே ரீபூட்டில் நெட்ஃபிளிக்ஸின் 2,700-க்கும் மேற்பட்ட கசாண்ட்ரா டேட்டாபேஸ் நோடுகளில் (சர்வர்களில்) 218 ரீபூட் ஆயின. 22 திரும்ப எழவே இல்லை. ஆனாலும் சேவை நிற்கவில்லை, செத்தவற்றுக்குப் பதில் புதியவை தானாகவே வந்தன. தங்கள் சர்வர்களைத் தாங்களே வேண்டுமென்று அணைத்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்தது. எங்களிடம் இருந்தது பத்துப் பதினைந்து சர்வர்கள்தான், ஆனால் அந்தப் பழக்கம் இல்லை.

அப்புறம் மாற்றினோம். ரீபூட் அறிவிப்பு வந்தால், பகல் பதினொரு மணிக்கு, எல்லோரும் ஆபீஸில் இருக்கும்போது, நாங்களே ஒருமுறை ரீபூட் செய்து பார்க்கிறோம். கடைக்காரர்களுக்கு முந்தைய நாளே சொல்லிவிடுவோம். திரும்பி வந்த சர்வரில் பிங்கைப் பார்ப்பதோடு விடுவதில்லை. ஒரு பில் போட்டு, அது மெயிலில் வந்து சேர்கிறதா என்று பார்ப்போம்.

போன மாதம் ஓர் அறிவிப்பு வந்தபோது, சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண் கேட்டார்: "அண்ணா, இதை நானே பண்ணட்டுமா?" பண்ணினார். சர்வர் திரும்ப வரவில்லை. கன்சோல் லாகைத் திறந்தால், எப்போதோ கழற்றிவிட்ட ஒரு டிஸ்கின் வரி எஃப்எஸ்டேபில் (சர்வர் எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியலில்) அப்படியே கிடந்தது. இல்லாத டிஸ்குக்காகக் காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நின்றுவிட்டது. அந்த வரியை அவரே எடுத்துவிட்டு மறுபடி ரீபூட் செய்தார். பதினொன்று நாற்பதுக்கு டெஸ்ட் பில் என் மெயிலுக்கு வந்து சேர்ந்தது.