ஆக்சில் பூட் கிழிந்த பிக்கப்: பொள்ளாச்சிப் பட்டறைக் குறிப்புகள்

2024 நவம்பர் 11, திங்கள்

வால்பாறை மலையிலிருந்து இறங்கி வந்த ஃபோர் வீல் பிக்கப், அதாவது லிவர் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன் வலது சக்கரத்தின் உள்பக்க ரிம்மில் கறுப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கிறது. அதே கிரீஸ் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மிலும் பிரேக் காலிப்பரிலும் ஒட்டியிருக்கிறது. பிரேக் ஆயிலோ ஷாக் அப்சார்பர் ஆயிலோ கசிந்தால் கீழ்நோக்கி வழியும். சக்கரத்தைச் சுற்றி ஒரே மட்டத்தில் அடித்திருந்தால் அது வெளி ஜாயிண்டின் (டிரைவ் ஷாஃப்ட் மடங்கியபடி சுற்ற, சக்கரப் பக்கம் குண்டுகள் வைத்த இணைப்பு) ரப்பர் பூட்டிலிருந்து (அதன் கிரீஸை அடைத்து வைக்கும் மடிப்பு உறை) வந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்றாவது மடிப்பின் பள்ளத்தில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

"ஏனுங்க, ஃபோர் வீலே போடறதில்லீங்க. அப்புறம் எப்படிக் கிழியும்?" என்று வண்டிக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் பக்கம் ஓடும் சாதாரண டூ வீல் டிரைவ் பிக்கப்புகளில் முன் சக்கரத்துக்கு டிரைவ் ஷாஃப்ட்டே கிடையாது. பின்னால் ஹவுசிங் ஆக்சிலும் கிராஸ் போட்ட புரொப்பல்லர் ஷாஃப்ட்டும்தான், பூட்டுக்கு அங்கே வேலையில்லை. ஃபோர் வீல் வண்டியில் கதை வேறு. ஹப்பையே கழற்றிவிடும் ஃப்ரீ வீல் லாக் இருந்தால் மட்டும்தான் முன் ஷாஃப்ட் நிற்கும். அது இல்லாத வண்டியில் லிவர் டூ வீலில் இருந்தாலும் சக்கரத்தோடு சேர்ந்து ஷாஃப்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவிலும் அந்த ரப்பர் மடங்கி விரிகிறது.

ஆபத்து இதில்தான். ஷாஃப்ட் சுற்றுகிறது, ஆனால் லோடு இல்லை. லோடு இல்லாததால் ஜாயிண்ட் தேய்ந்தாலும் "டக் டக்" சத்தம் வராது. முன் சக்கர இழுவைக் காரில் வளைவிலேயே சத்தம் எச்சரித்துவிடும். பிக்கப்பில் அது எஸ்டேட் சேற்றில் ஃபோர் வீல் போடும் அன்றைக்குத்தான் தெரியும். ஆகவே இந்த வண்டிகளில் சத்தத்தை நம்பக் கூடாது, கண்ணையும் விரலையும்தான் நம்ப வேண்டும்.

கிழிசலுக்குள்ளிருந்து கிரீஸை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாயிற்று. வழுவழுப்பாக இருக்கிறது, மண் நெருடவில்லை. ஜாயிண்ட் பிழைக்கும். நறநறவென்று மணல் தட்டினால் ஜாயிண்ட் உள்ளே அரைபட ஆரம்பித்துவிட்டது என்று கணக்கு. காப்பித்தூள் நிறத்தில் நீர்த்துப்போயிருந்தால் ஓடைத் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படிப்பட்டதற்குப் பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

2024 நவம்பர் 12, செவ்வாய்

சாமான் வாங்கும் வேலை. வெளி பூட், உள் பூட், கிளாம்ப் நான்கு, சர்க்லிப் (பூட்டு வளையம்), டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் கியர் பெட்டி) ஆயில் சீல், ஸ்பிலிட் பின். இந்த ஷாஃப்ட்டில் வெளி ஜாயிண்ட் தண்டிலிருந்து பிரியாத வகை. உள் ஜாயிண்டை அவிழ்த்து அந்த வழியாகத்தான் வெளி பூட்டை ஏற்ற முடியும். எப்படியும் அவிழ்க்கிறோம், உள் பூட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

ஒட்டுப் பூட் என்று இரண்டாகப் பிளந்து, பசை வைத்து ஒட்டுவது கிடைக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றாமல் போட்டுவிடலாம் என்பதால் பலருக்கும் ஆசை. ஒட்டும் இடத்தில் ஒரு துளி கிரீஸ் பட்டாலும் பசை பிடிக்காது, கிரீஸ் வழியும் ஜாயிண்டில் அது படாமல் இருப்பது கடினம். ஊர் போய்ச் சேருவதற்கு மட்டும் சரி. மலை ஓட்டத்துக்கு வேண்டாம்.

கிரீஸும் பார்த்து வாங்க வேண்டும். வெளி ஜாயிண்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ். வீல் பேரிங் கிரீஸைத் திணித்தால் குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே இருக்கும் அழுத்தத்தை அது தாங்காது. பூட்டோடு பாக்கெட் வந்தால் அதையே முழுதாகப் போட வேண்டும். பெரும்பாலும் ஒரு ஜாயிண்டுக்கு 80 முதல் 150 கிராம் வரும். உள்ளுக்கும் வெளிக்கும் வேறு வேறு கிரீஸ் வரும் செட்டும் உண்டு, மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

2024 நவம்பர் 13, புதன்

டஸ்ட் கேப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. சில வண்டியில் ஷாஃப்ட் முனையில் பெரிய நட் இருக்கும். அதைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே, பிரேக் மிதித்து இளக்க வேண்டும். சில வண்டியில் நட்டே இருக்காது, ஸ்நாப் ரிங்கும் ஷிம்மும்தான் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையம்). இது இரண்டாவது வகை. ஷிம்மைத் தொலைத்துவிட்டால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும், தனி டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேசிஸுக்கு ஸ்டாண்டு. காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் தொங்கினால் உள்ளுக்குள் விரிசல் விடும். ஏபிஎஸ் சென்சார் ஒயரை முதலிலேயே விடுவித்தாயிற்று. டை ராடு முனை, மேல் பால் ஜாயிண்ட் இரண்டையும் பிரித்து, ஹப்பைத் தாங்கும் நக்கிளை வெளிப்பக்கம் சாய்த்தால் ஷாஃப்ட் முனை நழுவி வருகிறது. உள்முனையை டிஃபரன்ஷியலிலிருந்து எடுக்க நெம்புகோல்தான் போட வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயிண்ட் பூட்டுக்குள்ளேயே கழன்றுவிடும். கீழே தட்டு வைக்காவிட்டால் கியர் ஆயில் தரையில்.

பழைய கிளாம்பைக் கட்டரால் வெட்டி, பூட்டைக் கிழித்தெடுத்த பிறகு, தண்டு, டிரைபாட் (உள் ஜாயிண்டின் மூன்று ரோலர் வைத்த பாகம்), ஹவுசிங் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் பெயிண்டுப் புள்ளி. பஞ்ச் அடித்துக் குறி போட வேண்டாம், இரும்பில் விரிசலுக்கு அது விதை. டிரைபாட் ரோலர்களைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் கொட்டாது. டிரைபாடின் எந்த முகம் தண்டுப் பக்கம் இருந்தது என்பதையும் குறித்துக்கொண்டு, சர்க்லிப்பை எடுத்துப் புல்லரால் இழுத்தாயிற்று.

வெளி ஜாயிண்டைக் கழற்றாமலே கழுவுவது பொறுமையான வேலை. மண்ணெண்ணெய் ஊற்றி, ஜாயிண்டை நாலாபக்கமும் சாய்த்துச் சாய்த்து, தெளிவாக வரும்வரை. பிறகு கம்ப்ரசர் காற்று. உள்ளே ஈரம் தங்கினால் புதுக் கிரீஸ் நீர்த்துப்போகும். முழுதாகச் சாய்த்து ஆறு குண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்ததில் தடம் கண்ணாடியாக இருக்கிறது. நகம் வைத்து ஓட்டினால் பள்ளம் தட்டக் கூடாது. நீலம் பாய்ந்திருந்தால் சூடேறிய ஜாயிண்ட். குண்டுகளைப் பிடித்திருக்கும் கேஜின் ஜன்னலில் குண்டு ஆடினாலும் அதே தீர்ப்பு: புது ஜாயிண்ட்.

2024 நவம்பர் 14, வியாழன்

திரும்பப் பொருத்தும் வேலை. தண்டு முனையின் ஸ்பிலைன் பல்லின் மேல் டேப் சுற்றாமல் பூட்டை ஏற்றினால் புது ரப்பரின் உதடு அறுபடும். சிறிய கிளாம்பை முதலில் தண்டில் ஏற்ற வேண்டும். அதை மறந்து எல்லாம் பூட்டிய பிறகு திரும்ப அவிழ்ப்பது எந்தப் பட்டறையிலும் நடப்பதுதான். வரிசை: வெளி பூட்டும் அதன் கிளாம்பும், அடுத்து உள் பூட்டும் அதன் கிளாம்பும், பிறகு டிரைபாட், கடைசியில் புது சர்க்லிப்.

வெளி ஜாயிண்டின் குண்டுகளுக்கு நடுவே கட்டைவிரலால் கிரீஸை அழுத்தி, சுமார் பாதியை உள்ளே செலுத்தி, மீதியைப் பூட்டுக்குள். பாக்கெட்டுக்கு மேல் போட்டால் சூட்டில் பூட் உப்பிக் கிளாம்பிலிருந்து நழுவும். பூட் உட்காரும் பள்ளத்தைக் கிரீஸ் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும், வழுக்கினால் பூட் முறுக்கிக்கொள்ளும்.

பெரிய கிளாம்பை இறுக்கிய பிறகு, சிறிய பக்கத்து உதட்டுக்குள் மழுங்கிய ஸ்குரூடிரைவரை நுழைத்துக் காற்றைச் சமப்படுத்த வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. உள்ளே காற்று அடைபட்டால் பூட் உப்பும், குறைந்தால் மடிப்பு உள்வாங்கித் தண்டில் உரசும். உள் ஜாயிண்ட் தன் ஓட்டத்தின் நடுவில் நிற்கும்போதுதான் அதன் கிளாம்பை இறுக்க வேண்டும்.

கிளாம்ப் என்றால் காது கிளாம்ப், அதற்கென்று இருக்கும் கொறடு. பிளாஸ்டிக் டை வேண்டாம். ஸ்குரூ வைத்த ஹோஸ் கிளிப்பும் வேண்டாம். அதன் தலை ஒரு பக்கம் கனம், சுற்றும்போது அருகில் இருப்பதில் தட்டும்.

புது ஆயில் சீல் போட்டு, ஷாஃப்ட்டை நேராகத் தள்ளினால் உள்முனை ஸ்நாப் ரிங் "டக்" என்று விழும். கையால் இழுத்துப் பார்த்து உறுதி செய்தாயிற்று. பால் ஜாயிண்ட் நட்டுக்கெல்லாம் வண்டிக் கையேட்டில் சொன்ன டார்க் (இறுக்கும் அளவு), புது ஸ்பிலிட் பின். வழிந்த அளவுக்குக் கியர் ஆயிலை நிரப்புத் துளை மட்டம் வரை ஊற்றியாயிற்று.

சோதனை ஓட்டம் தார் ரோட்டில் அல்ல, தென்னந்தோப்பு மண்ணில். பார்ட் டைம் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு தாரில் ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்பின் சக்கரங்களுக்கு விசை பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும். இளகிய மண்ணில் மெதுவாக, இரு பக்கமும் முழு வளைவு. சத்தமில்லை.

2024 நவம்பர் 25, திங்கள்

வண்டி மலை ஏறி இறங்கிவிட்டு மறுபார்வைக்கு வந்தது. ரிம் உலர்ந்திருக்கிறது. கிளாம்பு ஓரத்தில் மெல்லிய எண்ணெய்க் கசிவு மட்டும். பூட்டும்போது வெளியே ஒட்டியது அது, துடைத்த பிறகு மறுபடி வரவில்லை. டிஃபரன்ஷியல் சீலும் காய்ந்தே இருக்கிறது.

இடது பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்ததில் பள்ளங்களில் மயிரிழை விரிசல், இன்னும் கிரீஸ் வெளிவரவில்லை. இரண்டும் ஒரே வயது ரப்பர். அடுத்த ஆயில் மாற்றத்தோடு அதையும் மாற்றச் சொல்லி வண்டிக்காரரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று.