பம்ப் எங்கே போனது?

அரசு மருத்துவமனையில் கருவி காணவில்லை என்றால் எல்லோரும் முதலில் திருட்டைத்தான் பேசுகிறோம். திருட்டும் நடக்கத்தான் செய்கிறது, உடலுக்குள் விட்டுப் பார்க்கிற கேமராக் குழாயான எண்டோஸ்கோப் மாதிரி சிறியதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருப்பவற்றைக் குறிவைத்தே தூக்குகிறார்கள். ஆனால் கணக்கில் விடுபடுகிற கருவி பல நேரம் அதே கட்டடத்துக்குள்தான் எங்கோ இருக்கும்.

மருந்தை அளவாக ரத்தக் குழாயில் செலுத்துகிற இன்ஃப்யூஷன் பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் நோயாளிக்குப் பொருத்துகிறார்கள், மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்ற முடியாது என்பதால் அவரோடு சேர்ந்து அதுவும் ஐசியூவுக்குப் போகிறது, அங்கிருந்து வார்டுக்கு, அப்புறம் அவர் குணமாகி வீட்டுக்குப் போய்விடுகிறார், பம்ப் வார்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. ஏற்கெனவே ஒரு ராத்திரி பம்ப் கிடைக்காமல் தவித்த நர்ஸ் அதைத் திருப்பி அனுப்புவாரா? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரிஜிஸ்டரில் மட்டும் அது இன்னமும் அவசரப் பிரிவில் இருக்கிறது.

இன்னொரு வகை, கருவி கண்ணெதிரே இருந்தும் கணக்கில் இல்லாமல் போவது. எண் எழுதிய ஸ்டிக்கரைப் பேட்டரி மூடியில் ஒட்டுவார்கள், மூடி உடைந்து மாற்றியதும் எண்ணும் போய்விடும். மானிட்டர் இருக்கும், விரலில் மாட்டுகிற சென்சார் இருக்காது, அது இல்லாமல் ஆக்சிஜன் அளவைப் பார்க்க முடியாது, ஆனாலும் சரிபார்க்க வருபவர் பெட்டியைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போவார். ஒரே பொருளை ஒரு பிரிவு சிரிஞ்ச் பம்ப் என்றும் இன்னொரு பிரிவு வெறும் பம்ப் என்றும் எழுதியிருந்தால் கூட்டிப் பார்ப்பதே வீண். உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே கருவிகளைக் கணக்கில் வைப்பதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது, ஒவ்வொரு கருவிக்கும் தனி எண், எல்லோருக்கும் பொதுவான பெயர் முறை, துணைப் பாகங்களுக்குத் தனிப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கிறது. கோவிட் காலத்தில் அவசரமாக வந்த நன்கொடைக் கருவிகளையும் வார்டு விட்டு வார்டு மாற்றியவற்றையும் அன்றே எழுத யாருக்கு நேரம் இருந்தது?

என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது இதற்கு அடுத்த கட்டம். பொருள் குறைந்தால் பொறுப்பில் கையெழுத்துப் போட்டவரின் சம்பளத்தில் பிடிப்போம் என்று மிரட்டுகிறார்கள். அவர் ஷிப்ட் முடிந்து போன பிறகு யார் எடுத்தார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்தப் பயத்தில் நடப்பது என்னவென்றால், நல்ல கருவியைப் பூட்டி வைக்கிறார்கள், உடைந்ததைச் சொல்வதில்லை, கழித்துக்கட்ட வேண்டிய பழைய மெஷினை எண்ணிக்கைக்காக மூலையில் வைத்திருக்கிறார்கள். ரிஜிஸ்டர் சரியாக இருக்கும், நோயாளிக்குக் கருவி இருக்காது.

முதலில் ஒரு மாதம் யாருக்கும் தண்டனை இல்லை என்று எழுத்தில் அறிவித்து எல்லா அலமாரிகளையும் திறக்கச் சொல்லுங்கள். கிடைப்பதை எல்லாம் புதிதாக எண்ணி, வார்டுகளுக்குப் பொதுவாக ஒரு கருவி அறை வைத்து, யார் எப்போது எடுத்தார்கள் என்பது அங்கேயே பதிவாகட்டும், பார்கோடு வாங்கப் பணம் இல்லையென்றால் ஒரு நோட்டும் அதற்கென்று ஒரு ஆளும் போதும். ரிப்பேருக்குப் போகிற மெஷின் கேட்டைத் தாண்டும்போது சீட்டு கட்டாயம். இதற்குப் பிறகும் கிடைக்காதவற்றின் பட்டியலைப் போலீஸிடம் கொடுங்கள், அப்போதுதான் நிஜத் திருடனைத் தேடவே முடியும்.