படி சுருங்கிய மீட்டர்

இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் என் மல்டிமீட்டர் 16.8 வோல்ட் காட்டியது. அவ்வளவு ஏறக் கூடாதே, இன்வெர்ட்டர் போர்டு போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 15.4. அங்கேதான் உறைத்தது. சும்மா கிடக்கிற 12 வோல்ட் ஆசிட் பேட்டரி 12.6, 12.7 பக்கம்தான் நிற்கும். பொய் சொல்வது மீட்டர்.

பாளையங்கோட்டையில் டிவி ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சியிடம் என் மஞ்சள் டிடி830டி மீட்டரை நீட்டினேன். 1.5 வோல்ட் புது பென்சில் செல்லில் வைத்தார்: 1.95. "இதுக்குப் பேட்டரி எப்போ மாத்துனிய?" மூன்று வருஷம் இருக்கும். என் மீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி அவர் மீட்டரில் 5.6 காட்டியது.

மீட்டருக்குள்ளே அளவை எண்ணாக மாற்றுகிற 7106 வகை சிப், பேட்டரியிலிருந்து 3 வோல்ட் அளவில் ஒரு நிலையான மின்னழுத்தம் எடுத்து, அதில் பங்கு பிரித்த 100 மில்லிவோல்ட்டைத்தான் அளவுகோலாக வைக்கிறது. பேட்டரி ரொம்ப இறங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும். படி சின்னதானால் அதே நெல் கூடுதல் படி வருமே, அந்தக் கதைதான். பேட்டரி இறங்கிவிட்டதைக் காட்டும் அடையாளமும் என் மீட்டரில் வந்ததில்லை.

பேட்டரி மாற்றியதும் வோல்ட் சரி. ஆனால் நடு எண்ணில் குறுக்குக்கோடு இல்லை, 8 வந்தால் 0 மாதிரி இருந்தது. வீட்டுப் பட்டாசாலில் உட்கார்ந்து மீட்டரைக் கழற்றினேன். எண் காட்டும் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே, இரண்டுக்கும் மின்தொடர்பு தரும் வரிவரியான ரப்பர் பட்டை. அதன் அடியில் வெள்ளையாக ஒரு படலம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, போர்டின் செப்புக் கோடுகளில் பென்சில் அழிப்பானை லேசாக ஓட்டி மூடினேன். குறுக்குக்கோடு வந்துவிட்டது.

அதற்குள் ஒரு கூத்து. திருகுக் குமிழை எடுத்ததும் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கோடு இருந்த குண்டுகள் தெறித்தன. ஒன்று கிடைத்தது, மற்றது பீரோவுக்கு அடியில் போனதோடு சரி. சைக்கிள் கடையில் ஃப்ரீவீல் குண்டு ஒன்று வாங்கிப் போட்டேன்.

மில்லிஆம்ப் பக்கம் ஃபியூஸ் போயிருந்தது. 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸே போட்டேன், கம்பி சுற்றவில்லை. 10 ஆம்ப் துளைக்கு இந்த மீட்டரில் ஃபியூஸே கிடையாது. அதில் குச்சியைச் சொருகி யாரும் பிளக்பாயிண்டில் வைத்துவிடாதீர்கள்.

இப்போது அதே இன்வெர்ட்டர் பேட்டரி: அண்ணாச்சி மீட்டரில் 12.66, என்னுடையதில் 12.61. உள்ளே அளவைச் சரிசெய்ய இருக்கிற திருகை நான் தொடவில்லை. குமிழ் மட்டும் முன்னைவிட இறுக்கமாகச் சுற்றுகிறது.