மெழுகுக் கட்டியோடு வேலூருக்கு

அப்பாவுக்கு நுரையீரலில் கட்டி. குடியாத்தத்து மனுஷன், நாற்பது வருஷ பீடி. முதலில் பார்த்த இடத்தில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, "கேன்சர்தான், எந்த வகைன்னு வேலூர்ல பாருங்க" என்றார்கள். ரிப்போர்ட்டோடு கிளம்பிவிட்டேன். வேலூரில், பிளாக் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதை வாங்க மூன்று நாள் அலைச்சல்.

பிளாக் என்பது தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் கூட்டில் ஒட்டிய மெழுகு. நடுவே வெள்ளை நூல் துண்டு மாதிரி அப்பாவின் சதை. மே மாத வேலூர் வெயில். ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் அதை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் மெழுகு ஓரம் இளகி மினுமினுக்கிறது! நல்லவேளை, சதை அசையவில்லை. அப்புறம் லேப் வரைக்கும் ஈரத் துண்டில் வைத்த டப்பாவில்தான் பயணம்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. ஸ்மால் செல் கார்சினோமா, நுரையீரல் புற்றில் ஒரு வகை. சிடி56 பாசிட்டிவ், நரம்பு செல்களில் இருக்கும் இன்னொரு புரதமான சினாப்டோபைசினும் பாசிட்டிவ். சிடி56 நரம்பு செல்களை ஒட்டவைக்கும் புரதம் என்றதும் அப்பா கேட்டார்: "நுரையீரல்ல நரம்புக்கு இன்னா வேலை?"

டாக்டரம்மா அவசரப்படாமல் சொன்னார். சிடி56-இன் இன்னொரு பெயர் என்கேம். கருவில் மூளை உருவாகும்போது இந்த என்கேமின்மேல் பாலிசியாலிக் அமிலம் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி தொங்கும். பிடி தளர்ந்து, செல்கள் நழுவித் தங்கள் இடத்துக்குப் போகும். வளர்ந்தபின் மூளையின் பெரும்பகுதியில் சங்கிலி குறைந்து பிடி இறுகும். இந்த வகைப் புற்றுசெல்லும் அந்தச் சங்கிலியை மாட்டிக்கொள்வதுண்டு. பரவ அதுவும் உதவுவதாகக் கருதுகிறார்கள். சில ரத்த வெள்ளணுக்களிலும் சிடி56 இருப்பதால் அதை மட்டும் நம்பி முடிவு சொல்வதில்லையாம்.

ஸ்லைடையும் காட்டினார். நீலப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்புக் கோடு. சிடி56-ஐத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் போய் ஒட்டிய இடம்தான் அந்தப் பழுப்பு. வீட்டுக்கு வந்து தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது: 1970-களில் என்கேமைக் கண்டறிந்த குழுவின் தலைவர் எடல்மன், ஆன்டிபாடியின் அமைப்புக்காக 1972-இல் நோபல் வாங்கியவர்!

கீமோ தொடங்கிவிட்டது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நாள். பிளாக்கைத் திருப்பி வாங்கி மண்பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் அப்பா அதை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார், சூடாகிவிட்டதா என்று.